சீர்த்தட்டில் ஒரு சோடி முயல்

எங்கள் குடும்பத்தில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லாதவர் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்பவரும் இல்லை. ஒருவர் சொல்லும்போது முயல்கள் ஐந்து. மற்றொருவர் சொல்லும்போது நான் மயங்கி விழ, என் முகத்தில் கோலி சோடா தெளிக்கப்படுகிறது. தூரத்து மாமா ஒருவரின் கதையிலோ முயல் என்னைக் கடித்துவிட்டு அவினாசி சாலையில் இறங்கி ஓடிவிடுகிறது. (அந்த மாமா அன்று பந்திக்கு மட்டுமே வந்தவர். முயலைக் கண்ணாலும் பார்க்கவில்லை.) ஆகவே, நான் நேரில் கண்டவற்றையும், உடனிருந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் மானத்தைக் காத்துக்கொள்ளும் நோக்கம் எனக்கு இல்லை; அது காப்பாற்றும் நிலையைக் கடந்து நெடுங்காலம் ஆயிற்று. ஒரு பெண்ணின் பெயரில் ஏறிய பழியைத் துடைக்க வேண்டும். பழி ஏறியபோது அந்தப் பெண்ணுக்கு வயது ஐந்து.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கோவையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன், மணமாகாதவன், அம்மாவுடன் வாடகை வீட்டில் இருந்தேன். அக்கா பூங்கொடியைக் கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அக்காவின் மாமியார் ராமாத்தாள் எவரையும் வைது நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "அப்படீங்களா" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டவர்கள் வீடு திரும்பி இரண்டு நாள் தூக்கமின்றிக் கிடப்பார்கள்.

அக்காவுக்கு அந்த வீட்டில் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அவள் பி.எட். முடித்தவள். சோமனூரில் ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமியாரின் சம்மதம் மட்டுமே பாக்கி. அவர் மறுக்கவும் இல்லை, தலையசைக்கவும் இல்லை. "மேகலாவுக்குக் காதுகுத்து நல்லபடியா முடியட்டும் அம்மணி, பொறவு பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மேகலா அக்காவின் ஐந்து வயது மகள். அந்த "நல்லபடியா" என் தலைமேல் ஏற்றப்பட்ட சுமை என்பது அக்காவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

கொங்கு நாட்டில் தாய்மாமன் வெறும் உறவினன் அல்லன். ஊர் கூடி மதிப்பெண் இடும் தேர்வு எழுதுபவன். காது குத்தும்போது குழந்தை அவன் மடியில்தான் அமர வேண்டும். அதற்கு முன் அவன் சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வந்து சேர வேண்டும். முந்தைய ஆண்டு அக்காவின் ஓரகத்தி மகனுக்குக் காது குத்தியபோது, அவளுடைய அண்ணன் பழனிசாமி கொண்டுவந்த தட்டுகளின் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. கடைசித் தட்டுக்குப் பின்னால், சிறுவர் ஏறி மிதித்து ஓட்டும் சிவப்புக் கார் ஒன்றையும் இருவர் தூக்கி வந்தனர். (அந்தக் காரை அதற்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை. உறை போட்டு வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமல்லவா?)

என் தட்டுகளின் வரிசை தெருமுனையை எட்டாது. நான் கவலையில் இருந்தபோது மேகலாவே வழிகாட்டினாள். "எனக்கு மொசக்குட்டி வேணுமுங்க மாமா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. சீர்த்தட்டில் உயிருள்ள முயல்! பழனிசாமியின் கார் மூச்சு விடுமா? காந்திபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு கடையில் வெள்ளைக் குட்டிகள் இரண்டை வாங்கினேன். ஒன்றின் காது மட்டும் சாம்பல் நிறம்.

விருந்தோம்பலில் நான் குறை வைக்கவில்லை. ஆப்பிள் பெட்டியில் சாக்கு விரித்து, கோடைக்காலம் என்பதால் குட்டிகளுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அந்தச் சாக்கின்மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அவை போட்ட புழுக்கையும் அதே சாக்கில்தான் கிடந்தது. சில நாட்களில் சாம்பல் காதுக் குட்டிக்கு வயிறு உப்பியது, பேதி கண்டது. கழிவில் சிறிது எடுத்துவரும்படி கால்நடை மருத்துவர் சொல்லி அனுப்ப, காலியான தைலப் புட்டி ஒன்றில் அடைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் புட்டியைப் பார்த்துவிட்டு, எந்த வைத்தியர் கொடுத்த மருந்து, மூட்டு வலிக்குக் கேட்குமா என்று கனிவோடு விசாரித்தார். தெரியவில்லை என்று சொன்னேன். நான் பொய் சொல்வதில்லை.

மருத்துவர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டை வடிவில், கண்ணாடிபோல் பளபளக்கும் சின்னஞ்சிறு பொருள்கள். அழகாக இருக்கின்றனவே என்றேன்.

"அழகுதானுங்க. ஆனா குட்டிகளக் கொன்னுபோடும். காக்சிடியாம்பாங்க. கொடல்ல இருக்கற ஒட்டுண்ணி. ஈரச் சாக்கு அதுக்கு மெத்தையாட்டங்க. தண்ணி யாரு தெளிச்சது?"

நான் நுண்ணோக்கியைப் புகழ்ந்தேன்.

அவர் விளக்கமாகவே சொன்னார். ஒட்டுண்ணியின் முட்டை கழிவோடு வெளியேறும், ஈரத்தில் முதிரும், தீனியோடு மீண்டும் வயிற்றுக்குள் போகும். நோயுற்ற குட்டியைத் தனியே வைக்க வேண்டும். புழுக்கை கீழே விழும்படி கம்பி வலைத் தரை வேண்டும். குடிநீரில் மருந்தைக் கலந்து சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். காய்ந்த புல் போதும். இனிப்பும் பழமும் முட்டைக்கோஸும் கூடவே கூடாது. மனிதருக்கு இது தொற்றாது, அஞ்ச வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அன்றே குட்டிகளைப் பிரித்தும் வைத்தேன், சாம்பல் காதின் தண்ணீரில் மருந்தும் கலந்தேன்.

இரண்டு பெட்டிகளைக் கண்டதும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சோடியப் பிரிச்சு வெச்சு அதைய சீருக்கு எடுத்துட்டுப் போவாங்களா சாமி? உங்கக்கா வாழற ஊடு அது."

வகுப்பில் மூடநம்பிக்கையைக் கண்டித்து மேசை அதிர உரையாற்றுபவன் நான். நோய்க்கும் சோடிக்கும் தொடர்பு இல்லை என்பதை அம்மாவுக்கு எடுத்துரைத்திருக்கலாம். ஆனால் ஒற்றை முயல் சீர்த்தட்டில் அமர்ந்திருக்கும் காட்சியை மனத்தில் விரித்துப் பார்த்தேன். அருகே ராமாத்தாள் நின்று "அப்படீங்களா" என்கிறார். அறிவியல் அந்த இடத்திலேயே தோற்றது. குட்டிகளை மறுபடி ஒரே பெட்டியில் விட்டேன். சாம்பல் காதுக்குப் பேதி சற்று நின்றதும், இனிக் குணமாயிற்று என்று நானே முடிவு செய்து மருந்தையும் நிறுத்தினேன். (இரண்டு நுண்ணோக்கிக் காட்சிகளில் மருத்துவம் கற்றவர் உலகில் உண்டு. எனக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.)

விழா நாள். மூங்கில் கூடையில் மஞ்சள் துணி விரித்து, குட்டிகளின் கழுத்தில் சரிகை நாடா கட்டி, மேளத்தோடு சென்றோம். பந்தலில் பழத்தட்டுகளை யாரும் பார்க்கவில்லை. கூட்டம் கூடையையே மொய்த்தது. பழனிசாமியின் முகம் சிறுத்ததைக் கண்டு நான் அடைந்த இன்பத்தை எழுத இது இடமன்று. ராமாத்தாள் வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் காதுக்காரன் கொஞ்சம் சோந்தாப்பல இருக்குதுங்களே தம்பி?"

"பயணக் களைப்புங்க அத்தை" என்றேன்.

"அப்படீங்களா."

அதற்குப் பிறகுதான் உபசாரம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் வந்தவரின் வாய் சும்மா இருந்தால் வீட்டாருக்கு இழுக்கு. வந்தது முயலாக இருந்தாலும் அதுவே முறை. ஒருவர் வாழைப்பழம் உரித்து ஊட்டினார். ஒருவர் வெல்லக் கட்டி கொடுத்தார். சமையற்கட்டிலிருந்து முட்டைக்கோஸ் வந்தது. எல்லாம் மருத்துவர் விலக்கியவை. தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், நோய்ப்பட்ட உயிரைச் சீராகக் கொண்டுவந்தவன் ஆவேன்; அத்துடன் அக்காவின் வேலையும் போகும். நான் சிரித்தபடி நின்றேன். "பாவம், பசி போலிருக்குதுங்க" என்று சொல்லி மற்றொருவர் இரண்டாவது பழத்தை உரித்தார். கொடுக்கிற கையைத் தடுக்கும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. சாம்பல் காதுக்கும் இல்லை.

முகூர்த்த நேரம். நான் வெண்பட்டு வேட்டியில் மணையில் அமர்ந்தேன். அந்த வேட்டி அக்கா வீட்டார் எனக்கு எடுத்துக் கொடுத்தது. மேகலா என் மடியில் அமர்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அலறினாள். முயலைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்றாள். யாரோ சாம்பல் காதைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்கள். ஆக, என்மேல் மேகலா, மேகலாவின்மேல் முயல், முயலுக்குள் வாழைப்பழம், வெல்லம், முட்டைக்கோஸ், காக்சிடியா. மேளக்காரர் கெட்டிமேளத்தை ஓங்கி அடித்தார்.

அந்த ஒலிக்கு அஞ்சி முயல் தன் குடலை முழுமையாக விடுதலை செய்தது.

அது மேகலாவின் பட்டுப்பாவாடையில் நிற்கவில்லை. என் வேட்டியில் மூன்று கிளைகளாகப் பிரிந்து இறங்கியது. நிறத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மணத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. முதல் வரிசை தானாக இரண்டாம் வரிசை ஆயிற்று. மேளம் ஓய்ந்தது. ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் அவள் கண்ணில் ஒரு கணம் தெரிந்து மறைந்ததை நான் கண்டேன்.

பழனிசாமி மெல்ல முன்வந்து குனிந்தார்.

"என்னுங்க வாத்தியாரே, சீரு ஒழுகுதாட்ட இருக்குதுங்களே?"

பந்தல் சிரிப்பதற்கு வாயைத் திறந்தது. அதற்குள் ராமாத்தாள் எங்களருகே வந்து நின்றார். முயலைத் தூக்கித் தம் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல், கடைசி நாற்காலி வரை கேட்கும்படி சொன்னார்:

"கொழந்தைக்குப் போயிருச்சுங்க. ஊசியக் கண்டா பயம் வராதுங்களா? ஆசாரி, நீங்க குத்துங்க."

"நானில்லீங்காத்தா, மொசலுங்க" என்றாள் மேகலா.

"செரி கண்ணு, செரி. அளுவாத."

அவ்வளவுதான். தாய்மாமன் மடியில் குழந்தை நனைப்பது ஊர் அறிந்த மங்கலம். சிரிக்கத் திறந்த வாய்கள் "ராசிதானுங்க" என்று மூடின. காது குத்தி முடிந்தது. மேகலா அழுததை வலி என்று எல்லோரும் எண்ணினார்கள். அவள் அழுதது அநீதியைக் கண்டு.

மாலையில் ராமாத்தாள் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார். நோய் உண்டா என்று அவர் கேட்கவில்லை. "டாக்டரு என்னங்க சொன்னாரு தம்பி?" என்றார். நான் முழுவதும் சொன்னேன். ஈரச் சாக்கு, பிரித்து வைத்தது, அம்மா மறுத்தது, மருந்தை நிறுத்தியது.

"சோடி வேணுமுன்னு நாங்க கேட்டமுங்களா?" என்றார்.

நான் கிணற்றைப் புகழ்ந்தேன்.

நோயற்றிருந்த குட்டிக்கு அந்த வாரமே பேதி கண்டது, பிழைக்கவில்லை. மருந்து சிறிதாவது கண்டிருந்த சாம்பல் காது பிழைத்தது. சோடி பிரியக் கூடாது என்று சேர்த்து வைத்தேன். சேர்த்து வைத்ததனாலேயே சோடி பிரிந்தது. மேகலா என்னோடு பேசப் பல மாதங்கள் ஆயின. ராமாத்தாள் தறிப்பட்டறை ஆள்களைக் கொண்டு கம்பி வலைத் தரையிட்ட கூண்டு செய்வித்து, மருந்தை முறை தவறாமல் கொடுத்தார். அந்த முயல் அவர் கையால் காய்ந்த புல் தின்று, கொழுத்து, நெடுநாள் வாழ்ந்தது. கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்காவிடம், "நீ இஸ்கூலுக்குப் போ அம்மணி. இதையும் புள்ளையையும் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாராம். அக்கா அந்த ஜூனில் சோமனூரில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள்.

எனக்கு எஞ்சியது வேறு. எங்கள் உறவில் எந்த விழாவுக்குப் போனாலும், நான் அமரும் முன் யாரேனும் ஒருவர் நாற்காலியில் செய்தித்தாள் விரிக்கிறார். மடியில் குழந்தையைக் கொடுக்கும்போது, "பாத்துங்க, ஊசி எதுவும் இல்லைங்க" என்கிறார்கள். மேகலா தன் திருமண வரவேற்பில் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, மணமகன் வீட்டார் முன்னிலையில், "அன்னிக்குப் போனது நானில்லீங்க, மொசலு. எங்க மாமா சாட்சிங்க" என்று அறிவித்தாள். நான் எழுந்து நின்று ஆமாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை என்னிடம் மிகுந்த மரியாதையோடு, சற்றுத் தள்ளி நின்று பேசுகிறார்கள்.

ராமாத்தாள் அன்று அந்தப் பொய்யைச் சொன்னது தம் வீட்டுப் பந்தலின் மதிப்புக்காகவா, பழனிசாமியின் வாயை அடைக்கவா, அக்காவை வேலைக்கு அனுப்ப அவர் முன்பே மனம் இசைந்திருந்ததாலா என்பது தெரியாது. அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. அக்காவிடமும் அவர் சொல்லவில்லை.