மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சிய பால்

தனியாக வாழ்கிறவனிடம் 'உன் வீட்டுக்கு ஏன் யாரும் வருவதில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வான். தூரம் என்பான், பஸ் வசதி இல்லை என்பான், தெருநாய்த் தொல்லை என்பான். நான் சொல்லிக்கொண்டிருந்த காரணம் கொஞ்சம் புதுமையானது. இணையத்தில் ஊர்களைப் பற்றிய தகவல்கள் ஒழுங்காக இல்லை, அதனால்தான் என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று உளமார நம்பினேன். (சிரிக்காதீர்கள். கல்யாணம் ஆகாத வயதில் மனிதன் இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் நம்புகிறான்.)

செல்போன் வந்துவிட்ட, ஆனால் செல்போனுக்குள் வரைபடம் வந்திராத காலம் அது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் பிளாட் போட்டிருந்த இடத்தில் ஒரு மனை வாங்கி, கடனில் வீடும் கட்டியிருந்தேன். மற்ற மனைகளில் வெள்ளைக் கல் மட்டும் ஊன்றியிருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஆடு மேயும். என் வீட்டுப் படி ஏறி வந்த ஒரே மனிதர் மின்சாரக் கணக்கெடுப்பவர்தான். அவரையும் காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் மல்லுக்கட்டியதில், பிறகு அவர் வாசலிலிருந்தே மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

அப்பா, அம்மா இல்லை. கூடப்பிறந்தவள் ஒரே அக்கா, சோழவந்தானில். எங்கள் வீட்டு வழக்கப்படி புதுவீட்டில் கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். மச்சான் இரண்டு முறை அக்காவை அழைத்துக்கொண்டு வந்து, தேடித் தேடி வழி தெரியாமல் திரும்பிப் போனார். இதற்குள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததால், பால் காய்ச்சாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிவந்துவிட்டேன். அக்காவுக்கு அதில் பெரிய வருத்தம். "பால் காய்ச்சாத வீட்டுல எப்புடிடா ஒனக்குத் தூக்கம் வருது?" என்பாள். தூக்கமெல்லாம் வந்தது. விழித்திருக்கும்போதுதான் சிரமம். சில நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால், அன்று பேசும் முதல் சொல் ஆட்டைப் பார்த்துச் சொல்லும் 'சூ'வாக இருக்கும்.

என் பிழைப்பே இருப்பிடங்கள்தான். ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை. மாவட்டத்து ஊர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சரிபார்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரே ஊர் பல தளங்களில் பல விதமாக இருந்தால், 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். பேரையூர்ப் பக்கத்துக் குக்கிராமங்களையெல்லாம் இப்படிக் கரைசேர்த்தவன், ஒரு நாள் என் மனை இருந்த நகரையே தேடிப் பார்த்தேன். ஒரு தளத்தில் அது மலையுச்சியில் இருந்தது. இன்னொன்றில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கே போய்விட்டிருந்தது. மற்றொன்றில் மூன்று வேறு பெயர்களில் மூன்று நகர்களாக இருந்தது. யாரும் வராத காரணம் கிடைத்துவிட்டது! எனக்கு அன்று உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிறு, அலுவலகத்து ஜி.பி.எஸ். கருவியை வாசலில் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் ஒன்று இருந்தது. அதில் என் வீட்டைப் புள்ளியாக வைத்தேன். பிறகு மற்ற தளங்கள் எல்லாவற்றையும் அந்தப் புள்ளியோடு முடிச்சுப் போட்டேன். இனி ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. அந்த வரைபடத்தில் எங்கள் பகுதி வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நாகமலையைக்கூட யாரும் வரைந்திருக்கவில்லை. மலை எங்கே ஓடிவிடப் போகிறது, பிறகு வரைந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புள்ளிக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு கோடு ஓடியது. நம்ம ரோடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழ் அடித்தேன். எல்லோரும் 'பஸ் ஸ்டாப்பில் இறங்கி, டீக்கடையை ஒட்டிய பாதையில்' என்று வழி போடுவார்கள். நான் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டேன். (ஆமாம், மஞ்சள் தடவிய பத்திரிகையில்.) கூடவே வரைபடத்தையும் கலரில் நகலெடுத்துப் பின் குத்தினேன். சொந்தக்காரர்கள், பழைய கல்லூரி நண்பர்கள், அலுவலகத்தார் என்று ஒருவரையும் விடவில்லை. மச்சான் போனில் பேசினார். "மாப்ள, நீ குடுத்த மேப்பப் பாத்தேன். பேரு போடலேன்னாலும் வளைவப் பாத்தா மேலக்கால் ரோடுதான், மலைக்கு இந்தப் பக்கம். நாங்க ரெண்டு தடவையும் அந்தப் பக்கம் வந்து தேடியிருக்கோம்டா, அதான் கெடைக்கல!" என்று சொன்னாராம், பிறகுதான் தெரிந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் 'மேப்பப் பாத்தேன்' மட்டும்தான் எனக்கு விழுந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று விடிவதற்குள் சமையல்காரர் பாண்டி டெம்போவில் வந்து இறங்கினார். வாசலில் சாமியானா போட்டு, பொங்கல், வடை, கேசரி, சாம்பார் என்று அண்டா அண்டாவாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, எம்புட்டுப் பேரு வருவாங்க?"

"அம்புட்டுப் பேரும்" என்றேன்.

நல்ல நேரம் வந்தது. பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்ல நேரம் போனது. வெயில் ஏறியது. வாழை இலையைக் காற்று புரட்ட, நான் ஓடிப் போய்த் தம்ளரை வைத்தேன். என் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வடகிழக்கு மூலை. அதன் மேல் பட்டு வேட்டியோடு ஏறி நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எல்லோரும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' இருந்தார்கள். ஒருவர் வரவில்லை என்றால் கோபப்படலாம். ஒருத்தருமே வரவில்லை என்றால் தன்னைப் பற்றித்தான் யோசிக்கத் தோன்றுகிறது. நான் யோசித்தேன். அழுகை வந்தது, பாண்டி பார்க்கிறாரே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணே, சாம்பார் ஆறுதுண்ணே" என்றார் கீழேயிருந்து. சற்றுப் பொறுத்து, "நா வேணா ஒரு எலையில ஒக்காரட்டா? நீங்க பரிமாறுங்க. ஒரு ஆளாச்சும் சாப்ட்ட மாதிரி இருக்கும்ல" என்றார். பரிமாறினேன். இரண்டாம் தடவை கேசரி வேண்டுமா என்று உபசரித்தேன். சாப்பிட்டு எழுந்து, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு, வேறு ஆர்டர் இருக்கிறது என்று டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

மறுபடியும் சுவரில் ஏறினேன். போன் தானாக அடித்தது. மச்சான்.

"மாப்ள, எங்கடா போய்த் தொலஞ்ச? அம்புட்டுச் சனமும் வந்து ஒக்காந்திருக்கு, ஒன்னையக் காணோம்!"

"எங்க வந்து ஒக்காந்திருக்கீங்க மச்சான்?"

"எங்கயா? ஒன் வீட்லதான்."

"நான் எங்க வீட்லதான இருக்கேன்?"

சுவர் மேல் நின்றபடியே போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"மாப்ள, ஒன் வீட்ல தென்னந்தோப்பு இருக்கா?"

"இல்ல மச்சான்."

"கெணறு?"

"இல்லையே."

"அப்ப ஒங்கக்கா பால் காய்ச்சுனது யாரு வீட்லடா?"

பெருமாயி என்ற அம்மாளின் மோட்டார் ரூமில். என் புள்ளி மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து அடிவாரத்தில் விழுந்திருந்தது. சரியாக அந்த இடத்தில் அந்த அம்மாள் தன் தென்னந்தோப்புக்கு ஒரு மோட்டார் ரூம் கட்டிப் புதுசாக வெள்ளையடித்து வைத்திருந்தார். காரணம் பிறகுதான் புரிந்தது. ஒன்று புள்ளி ஐந்து மணி என்றால் ஒன்றரை மணி. அதை ஒரு மணி ஐந்து நிமிடம் என்று எழுதுகிறவனை என்னவென்று சொல்வீர்கள்? கருவி அட்சரேகையை நிமிடத்தில் காட்டிய எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை நான் அப்படித்தான் விநாடி என்று எழுதிவைத்தேன். காகத்துக்கு அது ஒரு சிறகடிப்புத் தூரம். மனிதர்களுக்கு நடுவில் ஒரு மலை. முன்பு தளத்துக்கு ஒரு விதமாகத் தப்பாக இருந்ததால் யாரும் எதையும் நம்பவில்லை. நான் இணைத்துவைத்த பிறகு எல்லாத் தளங்களும் ஒரே இடத்தைக் காட்டின, எல்லோரும் நம்பிவிட்டார்கள். அலுவலக நண்பர் ஜெயசீலன் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மோட்டார் ரூம் வாசலில் நின்று, "துல்லியமா இதே எடம்தான்" என்று சான்று வேறு கொடுத்திருக்கிறார்.

அக்கா போனை வாங்கினாள். "நல்ல நேரம் தப்பிருமேன்னு காய்ச்சிட்டேன்டா தம்பி. ஒத்த ரூமா இருக்கே, ஒண்டி ஆளுக்கு இம்புட்டுப் போதும்னு கட்டியிருக்கான்னு நெனச்சேன். எனக்கு அழுகையா வந்துருச்சுடா." பின்னால் ஒரே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

"அங்கயே இருங்க, நான் வாரேன்" என்று கத்தினேன். சிக்னல் போய்விட்டது. அவர்கள் காதில் விழுந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. வீட்டைப் பூட்டி, கேசரியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். விராட்டிபத்து வந்து, கோச்சடை போய், மேலக்கால் ரோட்டைப் பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தோப்பில் பெருமாயி அம்மாள் மட்டும் குடித்துப் போட்ட இளநீர்க் காய்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? போனு வச்சதுமே எல்லாரும் கெளம்பிட்டாங்க, மேக்கால மலையச் சுத்தி ஒங்க வீட்டுக்கு" என்றார். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் அவரே ஆக்கிப் போட்டாராம். "வெடிஞ்சு வந்து பாக்கேன், எம் மோட்டார் ரூமுல யாரோ பால் பொங்க விடுறாங்க. யாரா இருந்தா என்ன, நல்லதுதான செய்யுறாங்கன்னு நானும் எம் எடம்னு சொல்லிக்கிடாம நின்னு கும்பிட்டேன்." ஒரு தம்ளரை நீட்டினார். "ஒங்கக்கா ஒங்களுக்குன்னு வச்சிட்டுப் போச்சு." பால் ஆறி ஏடு படிந்திருந்தது. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து குடித்தேன். பதிலுக்குக் கேசரியைக் கொடுத்தேன். கிளம்ப மனமே வராமல், நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்கூட்டரைத் திருப்பி மறுபடியும் மலையைச் சுற்றினேன்.

வீட்டுக்கு வந்தபோது அங்கேயும் யாரும் இல்லை. வேன்காரருக்கு வேறு சவாரி, காத்திருக்க முடியாது என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டாராம். பூட்டிய கதவுக்கு முன்னால் அக்கா பெரிய கோலம் போட்டிருந்தாள். அண்டாக்கள் காலியாகி, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சாப்பிட்ட இலைகள் வேலியோரம் மடித்துக் குவிந்து கிடக்க, ஆடுகள் மும்முரமாக இருந்தன. மண்ணெல்லாம் செருப்புத் தடம், சின்னக் குழந்தைகளின் வெறுங்கால் தடம்கூட. புதுச் சுவரில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவியிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அன்று அதைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மறுநாள் மச்சானிடம் கேட்டேன். "டீக்கடையில கேட்டோம்டா. 'மாடிச் சுவத்துல ஏறி நின்னு போன் பேசுவாரே, அந்த சாரா?'ன்னு கையக் காட்டி அனுப்பிட்டாங்க" என்றார்.

அந்த வாரமே புள்ளியைத் திருத்தினேன். முதல் வேலையாக மலையையும் வரைந்தேன். ஆனால் என் பழைய தகவலை எடுத்து வைத்துக்கொண்ட ஏதோ ஒரு தளம் இன்னும் திருந்தவில்லை. எனக்கு வரும் கூரியர் சில சமயம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பெருமாயி அம்மாள் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டுப் போன் செய்வார். போய் வாங்கி, சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அந்தத் தளத்துக்கு எழுதிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். (சொல்லலாம், அவசரமில்லை.)

அக்கா அதற்குப் பிறகு பலமுறை வந்துவிட்டாள். ஒரு ஆளுக்கு இரண்டு தரம் பால் காய்ச்சக்கூடாது என்று சொல்லி, என் வீட்டில் காய்ச்ச மறுத்துவிட்டாள். இப்போதும் சொந்தத்தில் யாராவது புதுவீடு கட்டினால், கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"எந்தம்பி வீட்டு விசேஷம் மாதிரி வராது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தி, அந்தப் பக்கம் ஒரு பந்தி. கூப்ட்ட அம்புட்டுப் பேரும் வந்துட்டாங்க. அவன் ஒருத்தன்தான் ரெண்டுக்கும் வரல."