புளி போட்டு விளக்கிய தோட்டாக்கள்

புகுந்த வீட்டில் சீக்கிரம் நல்ல பெயர் வாங்கிவிடத் துடிக்கும் மருமகள் கையில் புளியும் தேங்காய் நாரும் கிடைக்கவே கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

சேலத்தில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகிக் கரடியூருக்கு வந்த முதல் வருஷம் அது. மாமனாருக்குக் காப்பித் தோட்டமும் கிழங்குக் காடும் இருந்தன. கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிகளைச் சத்தம் போட்டு விரட்ட, லைசென்ஸோடு ஒரு பழைய ரைஃபிள் வைத்திருந்தார். மண்மேட்டைப் பார்த்து ஒரு வேட்டு போட்டால் பன்றிகள் ஓடிவிடும். (நானும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன்.)

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பீரோ மேல் பிஸ்கட் டப்பாவில் சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைப் பார்த்தேன். நல்ல பித்தளை, புகையேறி மங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் மோதிரம் போட்டது மாதிரி ஒரு வளையம் மட்டும் பளபளத்தது. யாரோ அரைகுறையாக விளக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். (என் புத்தி அப்படி.) பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துத் தேய்த்த தேய்ப்பில், அவற்றில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் ரைஃபிளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பாராட்டுக்குக் காத்து நின்றேன். மாமா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நொம்ப அழகா இருக்குது கண்ணு," என்றார் கடைசியில். குரல் அவ்வளவு அழகாக இல்லை.

என் வீட்டுக்காரர்தான் சமையலறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அந்த வளையம் துப்பாக்கிக்கு ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளமாம். மெக்கானிக்கிடம் காட்டத்தான் மாமா சேர்த்து வைத்திருந்தாராம். புதிதாகச் சுட்டுக் காட்டலாம் என்றால், சுடுவதே ஆபத்தோ என்பதுதான் அவருடைய சந்தேகம்! அன்றைய சுண்டலுக்குத் தனியாக உப்புப் போடத் தேவைப்படவில்லை.

பூஜை முடிந்ததும் மாமா சேலத்துக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதை யாருங்க வெளக்குனது?"

"நான்தானுங்க," என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"அம்மை போட்ட புள்ளைய பவுடர் பூசிக் கூட்டியாந்து காட்டுறீங்களே!"

எனக்குத் தாங்கவில்லை. "அவரில்லீங்க, நான்தான்," என்றேன். கடையே சிரித்தது. மாமாவும்தான்.

கடைக்காரர் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்தார். "வெளியதான் வெளக்குனீங்க. உள்ள கை போயிருக்காதுங்களே?" தோட்டாவுக்குள் விட்டு, சுவரோடு உரசியபடி இழுத்தார். அடிக்குச் சற்று மேலே கம்பி சிக்கியது. என்னிடமும் கொடுத்தார். வழவழவென்று வந்த கம்பி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. அடுத்த தோட்டாவிலும் அதே இடம்தான்.

ஒன்றை நெடுக்காக அறுத்தே காட்டிவிட்டார். உள்பக்கம் ஒரு கோடு ஓடியது; பித்தளைச் சுவர் அந்த இடத்தில் மட்டும் காகிதமாக இளைத்திருந்தது.

"ஹெட்ஸ்பேஸ் சாஸ்தியாயிருச்சுங்க. தோட்டா இறுக்கமா உக்காரோணும். அதுக்கும் பின்னால இருக்கிற போல்ட்டுக்கும் நடுவுல எடவெளி விட்டா, சுடறப்ப கூடு இழுபட்டு இங்க மெலிஞ்சிரும். அடுத்த வேட்டுல பிஞ்சிருந்தா, நெருப்பும் புகையும் சுடறவரு மூஞ்சிக்குத்தானுங்க."

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அந்த வளைந்த கம்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரைஃபிளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அது சரியாகித் திரும்பும் வரை தகர டப்பா தட்டிப் பன்றி விரட்டியது நான்தான். (துப்பாக்கியைவிட என் சத்தத்துக்குத்தான் அவை பயந்தன என்று வீட்டில் பேச்சு.)

அறுத்த அந்தத் தோட்டா இன்றும் எங்கள் ஹால் ஷோகேஸில் இருக்கிறது. விருந்தாளிக்கு நான் காப்பி கொண்டுவருவதற்குள் மாமா அதைக் கையில் கொடுத்திருப்பார்.

"பாருங்க சாமி, எங்க மருமக புளி போட்டுத் தேச்சும் போகாத கோடு!"

எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும், அவர் சொல்லிக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. ஷோகேஸைத் துடைக்கும் வேலையை மட்டும் இன்றுவரை என்னிடம் ஒப்படைக்கவில்லை.