ஹால் சுவரில் நான்கு மெத்தைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, ஹால் சுவரில் நான்கு மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தது நான்தான். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தாம்பரம் சேலையூரில் எங்கள் வீடு. ஆசை ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தேன். கடையில் கேட்டபோது புல்லரித்தது. வீட்டில் போட்டால் கதாநாயகன் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினான். வில்லன் பேசுவது புரியவே இல்லை. ஆனால் அவன் கார் கதவைச் சாத்தினால் ஷோகேஸ் டம்ளர்கள் கிடுகிடுத்தன.

"பொருள் சரியில்லடா, திருப்பிக் குடுத்துடு" என்றாள் அம்மா.

பொருளுக்கு ஒரு கேடும் இல்லை. ஹால்தான் சரியில்லை. வழவழ டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். சத்தம் இதிலெல்லாம் முட்டித் திரும்பி வந்து, ஒரு வார்த்தையின் மேல் அடுத்த வார்த்தை ஏறி உட்கார்ந்துவிடும். (எல்லாம் மூன்று நாள் யூடியூப் படிப்பு. காலேஜில் இப்படிப் படித்திருந்தால் அரியரே விழுந்திருக்காது.) தடிமனாக, மெத்தென்று எதையாவது சுவரில் மாட்டினால் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். முட்டை அட்டையை ஒட்டச் சொன்னான் நண்பன் ஒருவன். அது உதவாது என்று எனக்குத் தெரியும். நான் என்ன முட்டாளா? பரணில் இருந்த இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, ஆணி அடித்துக் கயிறு கட்டி மாட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் கழற்றிவிடலாம் என்றிருந்தேன். ராகு காலத்துக்குப் பயந்து வண்டலூரிலிருந்து மூன்று மணிக்கே வந்து நின்றார்கள்.

பையனின் அப்பா சுவரையே பார்த்தார். "மூட்டைப்பூச்சியா தம்பி?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதாவது வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நானா போவேன்?

"இது சவுண்டுக்காக அங்கிள். இருங்க, போட்டே காட்றேன்."

அந்த நேரம் பார்த்துத் தங்கை சுதா காபியோடு வந்தாள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கல்யாணத்துக்கு அவள் போட்டது ஒரே நிபந்தனைதான். அதையும் நேராகவே கேட்டுவிட்டாள். "நான் வேலைய விடமாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?"

பையன் தன் அம்மாவைப் பார்த்தான். நான் என் வேலையில் குறியாக இருந்தேன். சத்தம் துல்லியமாகக் கேட்க வேண்டுமே என்று ஃபேனை அணைத்தேன். அது தெரியாமல் அந்த அம்மாள் மகன் காதருகே குனிந்தார்.

"இப்போ சரின்னு சொல்லிடுடா. கல்யாணம் ஆனதும் நிறுத்திடலாம்."

பழைய ஹாலாக இருந்தால் அது ஃபேன் சத்தத்தோடு சுவருக்குச் சுவர் மோதிக் கரைந்து போயிருக்கும். என் ஹாலில் ஓர் எழுத்து சிதறவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவுக்கே கேட்டது. (அந்த நிலையிலும் 'அட, என்ன தெளிவு!' என்று நினைத்தேன். அடித்தாலும் தகும்.)

"எனக்குச் சம்மதம்" என்றான் பையன், சத்தமாக.

சுதா காபித் தட்டை மேஜையில் வைத்தாள். "அப்புறம் எதுக்கு ஆன்ட்டி? இப்பவே நிறுத்திடலாம்."

அப்போதுதான் என் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டது. மெத்தை அப்படியே பையனின் அப்பா தலையில் விழுந்து வாயைப் பிளந்தது. பஜ்ஜி, காபி, அவர் மீசை, எல்லாவற்றிலும் பஞ்சு. தும்மிக்கொண்டேதான் படி இறங்கினார்.

"தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்துட்டியேடா பாவி!" என்று அம்மா அழுதாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாகத்தான் இருந்தேன். மெத்தையா பொய் சொன்னது?

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது குசுகுசுவென்று பேசினால், "மெத்தை மாட்டியிருக்கா பாத்துக்க" என்று கிண்டல் வரும். சுதா அதே கல்லூரிக்குத்தான், கல்யாணத்துக்குப் பிறகும் போய்க்கொண்டிருக்கிறாள். அவளை இப்போதைய புருஷன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று காலையில் நான் ஆணியைத் தொடவே இல்லை. அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பரணைக் காட்டினாள்.

"டேய், அந்த மெத்தைங்கள எடுத்து மாட்டு. ஆணிய மட்டும் ஒழுங்கா அடி."