குலசிங்கம் கூட்டி வந்த பேய்

தன் வளவுக்கு ஒரு பேயைக் கூட்டி வருவது என்று குலசிங்கம் முடிவெடுத்தார். இது நடந்தது 1996 யூலையில், ஓக்லண்டின் தெற்கு விளிம்பில், பாப்பக்குராவையும் தாண்டிய ஒரு காணியில். பேய்க்கு வேண்டிய வசதியெல்லாம் அங்கே முன்பே இருந்தது. வயலை மூடும் பனிமூட்டம் இருந்தது. வேலி மூலையில் கறுத்துப் பருத்த மக்ரோகார்ப்பா மரம் ஒன்று இருந்தது. பேய்தான் குறை.

எல்லாம் குதிரைகளால் வந்த வினை.

மகள் லோஜனா பல் வைத்தியம் படிக்க டனீடினுக்குப் போனபோது தன் குதிரை ஜிஞ்சரை விட்டுப் போனாள். அது பிறத்தியாருடைய குதிரைகளைப் பராமரிக்கும் ஒரு லாயத்தில் நின்றது. தாய் செல்வநாயகி வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவாள். குலசிங்கம் வீட்டில் பசியோடு காத்திருப்பார். குதிரையை வீட்டுக்குக் கொண்டு வந்தால் மனுசி வீட்டில் நிற்பாள், மனுசி நின்றால் பிட்டு அவியும் என்று கணக்குப் போட்டார். ஆமாம், அந்த யோசனை அவருடையதேதான். அதை அவர் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

குதிரை வந்தது. தனியே நின்றால் ஏங்கிப்போகும் என்று டியூக் என்ற இன்னொன்றும் வந்தது. செல்வநாயகி வீட்டோடுதான் இருந்தாள், வீட்டுக்குள் மட்டும் இல்லை. குதிரைகளுக்கு "என்ரை ராசா, என்ரை குஞ்சு." அவருக்கு "இஞ்சருங்கோ, அந்தச் சவளை எடுங்கோ."

விடியக் காலையில் குதிரைகள் போட்ட லத்தியைச் சவளால் அள்ளுவது குலசிங்கத்தின் பங்கு. முழங்கால் நோவுக்கு இரண்டு கிழமை லீவு எடுத்தார். அந்த லீவிலும் லத்திதான் அள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் அவரை வருத்தியது முழங்கால் அல்ல. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் இரண்டு குதிரைகளோடு சிரித்துக் கதைப்பதை ஜன்னலால் பார்த்தபடி, ஆறிப்போன தேத்தண்ணியைத் தனியே குடிப்பது. அதுதான் வருத்தியது. வாய்விட்டுச் சொன்னால், பொறாமை.

"செல்வம், திருப்பி லாயத்தில விடுவமே? கிழமைக்கு ரெண்டு நாள் போய்ப் பாத்தாப் போதும்."

"வீட்ட கொண்டு வரச் சொன்னது நீங்கள்தானே?"

"அது அப்ப."

"இப்ப நான் சொல்லுறன். நிக்கட்டும்."

வேலைத்தலத்தில் ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர் முன்பு சொன்ன கதை அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பேய் ஏறிச் சவாரி செய்த குதிரையின் பிடரிமயிர் விடியும்போது பின்னிக் கிடக்குமாம். செல்வநாயகியோ பேய்க்குப் பயந்தவள். தோய்ந்த தலையை விரித்துக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வரமாட்டாள். இது போதும் என்று குலசிங்கம் கையைத் தேய்த்துக்கொண்டார்.

செவ்வாய் விடியற்புறம் ஜிஞ்சரின் பிடரியில் இறுக்கமாக ஒரு பின்னல் போட்டு, நுனியைக் கறுப்பு நூலால் முடிந்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்போல் படுத்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! ஆரோ பின்னியிருக்கினம்."

"ஆர் வாறது இஞ்ச? கேற் பூட்டிக் கிடக்கு." குலசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இது நல்லதாப் படேல்லை, செல்வம். லாயத்துக்கு அனுப்பிறதுதான் புத்தி."

செல்வநாயகி பின்னலை நுனிவரை தடவிப் பார்த்தாள். நூலை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். குதிரையின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"பாப்பம்" என்றாள்.

புதன்கிழமை குலசிங்கம் நன்றாக நித்திரை கொண்டார். எழும்பிப் போய்ப் பார்த்தால் ஜிஞ்சருக்கு ஒரு பின்னல், டியூக்குக்கு ஒரு பின்னல். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். அவை வீட்டை விட்டு அசையவில்லை.

"நேற்று ஒண்டு, இண்டைக்கு ரெண்டு" என்றாள் பின்னால் நின்ற செல்வநாயகி. "வளருது."

வியாழக்கிழமை அவளுக்குக் காலை வேலை. குலசிங்கம் புல் போட்டுவிட்டு, இரண்டு பிடரியும் விரிந்து கிடப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அவளை ஒனிஹங்காவில் வேலைத்தலத்து வாசலில் இறக்கிவிட்டு ஏழரைக்குத் திரும்பி வந்தார். பனிமூட்டம் இடுப்பளவுக்கு நின்றது. வாளியைத் தட்டினார். வாளிச் சத்தத்துக்கு ஓடி வரும் குதிரைகள் திரும்பவேயில்லை. இரண்டும் காதை நிமிர்த்தி மக்ரோகார்ப்பா மூலையையே பார்த்துக்கொண்டு நின்றன. அங்கே ஒன்றும் இல்லை. பனி மட்டும் அந்த ஓரிடத்தில் விலகியிருந்தது, யாரோ நிற்பதற்கு இடம் விட்டதுபோல.

கிட்டப் போனார். ஜிஞ்சரின் பிடரியில் ஐந்து பின்னல்கள். மெல்லியவை, சின்ன விரல்கள் பின்னியவைபோல் இருந்தன. நுனியில் நூல் இல்லை. ஆனாலும் அவிழவில்லை. தொட்டுப் பார்த்தார். ஈரமாய், ஐஸாய்க் குளிர்ந்தது.

குலசிங்கம் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காருக்குள் ஏறி நாலு கதவையும் பூட்டிக்கொண்டார். மத்தியானம்வரை இறங்கவில்லை.

"செல்வம், உடன அனுப்புவம்!" என்றார் பின்னேரம். "ஐஞ்சு பின்னல்! சின்னச் சின்னதா!"

செல்வநாயகி ஐந்தையும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "அனுப்பலாம். ஆனா வாறது, குதிரை இல்லையெண்டா என்ன செய்யும்? வீட்டுக்குள்ளதான் வரும். நான் வேலைக்குப் போயிடுவன். வீட்டில நிக்கிறது நீங்கள்."

குலசிங்கம் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரில எண்டா வளவுக்கு வளவு வைரவர் காவலுக்கு நிக்கிறார்" என்றாள் அவள். "இஞ்ச ஆர் இருக்கினம்?"

சனிக்கிழமை மக்ரோகார்ப்பாவின் கீழே வைரவர் எழுந்தருளினார். புல் கிளறும் மூன்று பல் இரும்பு முள்ளைப் பல் மேலே நிற்க நட்டுப் பொட்டு வைத்ததும் அது சூலமாகிவிட்டது. சான்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிய உளுந்தில் வடைமாலை. வைரவருக்கு வாகனம் நாய். அன்றைக்கு இரண்டு குதிரைகளைக் கொண்டு சமாளித்தார்.

செல்வநாயகி கற்பூரம் கொளுத்தினாள். ஈர வேட்டியோடு நின்ற குலசிங்கம் யாரும் கேட்காமலே, பயத்தில், சத்தமாய்ச் சொன்னார்:

"வைரவப் பெருமானே! இந்தச் சீவன்கள் உள்ளவரைக்கும் இந்த வளவை விட்டு அனுப்பமாட்டன். விடிய விடிய நானே எழும்பிப் பாப்பன். இது என்ரை நேர்த்திக்கடன்!"

ஞாயிறு பின்னல் இல்லை. திங்களும் இல்லை. செவ்வாய்க்கிழமை செல்வநாயகி தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நூலை வைத்தாள்.

"எனக்குக் காலமை வேலை இருந்த காலத்தில லோஜனாவுக்குத் தலை இழுத்துப் பின்னி விட்டது ஆர்? நூலுக்கு மூண்டு முடிச்சுப் போடுற மனுசன் இந்த ஓக்லண்டில வேற ஆர் இருக்கினம்?"

குலசிங்கத்தின் முகம் கறுத்தது. "அப்ப... புதன்கிழமை?"

"அது நான். நீங்கள் விளையாடினா நானும் விளையாடுவன்தானே?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது அவருக்கு. உடனே ரோசமும் ஏறியது. "பொய்ப் பேய்க்கு வச்ச நேர்த்தி செல்லாது!"

"நேர்த்தி பேய்க்கே வச்சனீங்கள்? வைரவருக்கெல்லோ."

குலசிங்கம் கத்தினார். "என்ன வந்தாலும் வரட்டும், லாயத்துக்கு இப்பவே போன் பண்ணுறன்! வியாழக்கிழமை ஐஞ்சு பின்னல் போட்டு என்ரை ஈரக்குலையை நடுங்க வச்சனீர். அதுக்காகவே பண்ணுவன்!" ரெலிபோனைத் தூக்கினார்.

செல்வநாயகியின் சிரிப்பு நின்றது.

"வியாழக்கிழமை நான் ஒனிஹங்காவில எல்லோ? நீங்கள்தானே கொண்டுபோய் இறக்கினனீங்கள்? அந்த ஐஞ்சும் நீங்கள் பின்னினதெண்டு நினைச்சனான்."

குலசிங்கம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நடிக்கிறாளா? இருபத்தாறு வருடத்தில் அந்த முகத்தை அவரால் ஒருநாளும் வாசிக்க முடிந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு குதிரைகளும் மேய்வதை விட்டுவிட்டு, மெல்லத் தலையை நிமிர்த்தி, மக்ரோகார்ப்பா பக்கம் திரும்பின.

அவர் ரெலிபோனைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"செல்வம்... லத்தி அள்ள வேணும். நீரும் ஒருக்கா என்னோட கூட வாருமன்."

"வாறன்" என்றாள் செல்வநாயகி. "சவளை நீங்கள் தூக்குங்கோ."