படிக்கட்டில் ஒரு தனி ஆவர்த்தனம்

கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினால் யாராவது கெஞ்சிக் கூப்பிடுவார்கள் என்று நம்புகிறவன் மடையன். அந்த மடையன் நான்தான்.

கொழும்பில் கர்நாடக சங்கீதக்காரர் நாங்கள் எல்லோரும் ஒன்றுசேர்வது வருடாந்த இசை விழாவில் மட்டும்தான். அந்த வருடம் எனக்கு முதன்முறையாகப் பத்து நிமிடம் தனியாக மிருதங்கம் வாசிக்கத் தந்திருந்தார்கள். ஆனால் அழைப்பிதழில் என் பெயர் கடைசியில், அதுவும் பிழையாக இருந்தது. (கருணாகரன், 'கருணாகரம்' ஆகியிருந்தான்.) குழுவிலிருந்து விலகினேன். ஆறு நாள் ஒருவரும் எனக்கு ஃபோன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கௌரவம்.

விழாவன்று பின்னேரம் பட்டு வேட்டியோடு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய் இறங்கினால், மண்டபம் பூட்டு. வெள்ளம் காரணமாக விழா ரத்து.

"ஒக்கொட்டம கிவ்வனே, மஹத்தயா" என்றார் காவலாளி சிங்களத்தில். எல்லோருக்கும் சொன்னார்களாம்.

திரும்புவதற்குள் என் அலுவலக மேலாளர் மனைவியோடும் பூங்கொத்தோடும் வந்துவிட்டார். ஒரு மாதமாக வரச்சொல்லி நச்சரித்தவன் நான்.

"மற்ற ஆக்கள் எங்க?" என்று அவர் மனைவி கேட்டார்.

"மழைதானே மிஸ், லேட்டாகும். நான் தொடங்குறன்."

காவலாளி இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தேன். ஈரத்தில் தோல் தளர்ந்து, கல்லில் உடுப்புத் தோய்ப்பதுபோல் சத்தம் வந்தது. மேலாளர் கடைசிவரை இருந்தார். வேறு யாரும் வரவில்லை என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

அறைக்கு வந்து பேஸ்புக்கைத் திறந்தேன். விழா இல்லையென்றதும் எல்லோரும் கொட்டாஞ்சேனையில் பாடகி சாந்தி அக்கா வீட்டில் கூடிப் பாடியிருக்கிறார்கள். மிருதங்கம் இல்லாததால் ஒருவர் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"நீர் எங்களோட கோவம் எண்டெல்லோ நினைச்சனாங்கள்" என்றார்.

"இல்லையக்கா" என்றேன்.

விழா அதற்குப் பிறகு நடக்கவேயில்லை. அக்கா லண்டன் போனார், வயலின்காரர் கனடா. மிச்சப் பேர் ஆளுக்கொரு கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறோம். கடைசியாக எல்லோரும் ஒன்றாக இருந்தது அந்த மேசையைச் சுற்றித்தான்.

என் மனைவி இப்போதும் விருந்தாளிகளிடம் சொல்லுவாள்: "இவர்ட தனிக் கச்சேரியை மூண்டு பேர் கேட்டவை. அதில ஒருத்தர் டியூட்டியில இருந்தவர்."