சுந்தர்சிங்கின் அடைத்த காது

வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து சளியோடு விமானத்தில் வந்திறங்கிய சுந்தர்சிங்குக்கு இரண்டு காதும் கப்பென்று அடைத்துக்கொண்டன. செம்பாக்கம் வீட்டுக்கு வந்ததும் ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுத்தார்.

"கிருபா, ஒண்ணுமே கேக்கல."

மனைவி கிருபா பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். சும்மா விடுவாளா? காதருகே கத்திப் பாடமே நடத்திவிட்டாள். "மூக்குக்குப் பின்னாலேர்ந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. ப்ளேன் இறங்கும்போது வெளியில காத்தழுத்தம் ஏறும். உங்களுக்குச் சளியில குழாய் ஒட்டிக்கிச்சு, உள்ள காத்து போகல. ஒரு கொட்டாவி விட்டா திறந்துடும்."

சனிக்கிழமை காலை கொட்டாவி வந்தது. டப்! குழாய் திறந்தது. அவர் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது:

"என்னங்க, கிறிஸ்மஸ் வருது, ஒட்டடை அடிங்க!"

அந்தக் கணமே சுந்தர்சிங் மறுபடி செவிடரானார்.

"என்னா? சத்தமா சொல்லு!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கிருபா அவரை ஒரு பார்வை பார்த்தாள். தானே ஒட்டடைக் கம்பை எடுத்தாள். மனிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

மாலையில் பாடகர் குழுத் தலைவி தபீதாள் அக்கா போன் செய்தார். சர்ச்சில் பெயிண்ட் வேலை. கிறிஸ்மஸ் கேரல் பாட்டுப் பயிற்சிக்கு இவர்கள் வீட்டு ஹாலை அவர் பல நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறு மதியத் தூக்கத்தில் உயிரையே வைத்திருந்த சுந்தர்சிங் மறுத்துக்கொண்டே இருந்தார்.

"தாராளமா வாங்கக்கா," என்றாள் கிருபா, கணவனுக்கு எதிரிலேயே. "அவருக்குத்தான் காதே கேக்கலையே! சத்தம் ஒரு தொந்தரவே இல்ல. வேணாம்னா இப்பவே சொல்லட்டும்."

சுந்தர்சிங் வாயைத் திறந்தார். மூடினார்.

மறுநாள் மதியம் கீபோர்டு, டிரம்ஸ் சகிதம் குழு வந்து இறங்கியது. முதல் பாட்டிலேயே படுக்கையறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"கிருபா! காது திறந்துடுச்சு!"

"நேத்தே திறந்துடுச்சுங்க," என்றாள் அவள் மெதுவாக. "நிஜமா காது அடைச்சா, நம்ம குரலே மண்டைக்குள்ள முழங்கும். அதான் வெள்ளிக்கிழமை கிசுகிசுத்தீங்க. நேத்து தொண்டை கிழியக் கத்துனீங்க."

"என்னா தொண்டை சார் உங்களுக்கு!" என்று தபீதாள் அக்கா பாட்டுத் தாளை அவர் கையில் திணித்தார். "ஆம்பளைக் குரலுக்கு ஆளே இல்ல. கடைசி வரிசையில நில்லுங்க."

சுந்தர்சிங் நின்றார். பாடினார். அதுவும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

கிருபா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அவருடைய கட்டிலில் போய்ப் படுத்தாள்.