டோக்கன் அண்ணனின் வாசல்

கோலாலம்பூரில் வெள்ளைக்காரத் தொரையை வாசலில் நிற்க வைத்த ஆள் ஒருவர்தான். அவருக்குப் பைத்தியம் என்று கடுதாசியில் எழுதியிருந்தார்கள்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய காலம். நான் மனநோய் வார்டில் வேலை ஆள். முப்பது நோயாளிகளுக்கு நாங்கள் மூன்று பேர். சேர்ந்த அன்றே ஆளுக்கொரு ரோத்தான் கொடுத்தார்கள். பிரம்புதான். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆள், ரயில்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ்காரர். ரயிலில் சிக்னல் வேலை பார்த்தவர். ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் கையில் டோக்கன் வளையம் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அடுத்த ஸ்டேஷனில் அதை ஒப்படைத்த பிறகுதான் இன்னொரு வண்டி. வருஷக்கணக்கில் வளையத்தை நீட்டி நீட்டி அவருக்கு வலது கை அரை முழம் கூடுதல் நீளம் என்போம். பெயர் ஏட்டில் இருந்தது. எங்களுக்கு டோக்கன் அண்ணன்.

குளியலறைக்கு ஒரே வாசல். கக்கூஸும் அதற்குள்தான். காலையில் போகிறவனும் வருகிறவனும் முட்டிக்கொள்வார்கள். அடிதடி ஆகும். நாங்கள் ரோத்தானை வீசுவோம். அதைவிடப் பெரிய அடிதடி ஆகும்.

ஒருநாள் அவர் என் ரோத்தானைக் கேட்டார். கொடுக்கக் கூடாது. ஏனோ கொடுத்தேன். தண்ணீரில் ஊறப்போட்டு, வளைத்து, கிழிந்த வேட்டித் துணியால் கட்டினார்.

"சிங்கிள் லைன் தம்பி. டோக்கன் இல்லாம ஒருத்தனும் போகக் கூடாது" என்றார்.

மறுநாளிலிருந்து வளையம் வைத்திருப்பவன் குளித்தான். மற்றவன் காத்திருந்தான். எங்களுக்கு அடங்காதவர்கள் வளையத்துக்கு அடங்கினார்கள். சோற்றுக்கும் அதே சட்டம் போட்டார். கடைசி ஆள் சாப்பிடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பசித்தவர்கள் முறையிட்டார்கள். அவர் யோசித்து, சோற்று வாசல் டபுள் லைன், டோக்கன் வேண்டாம் என்று அறிவித்தார்.

டாக்டருக்கு அடுத்தபடியாக வார்டைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வளையம் உள்ளே போயிருந்தது. அண்ணன் கையைக் குறுக்கே வைத்தார்.

"எனக்குமோ?" என்று கேட்டார் டிரஸ்ஸர். கேட்டுவிட்டு நின்றார்.

பிறகுதான் தொரை வந்தார். பெரிய டாக்டர். அண்ணன் அவருக்கும் கையைக் குறுக்கே வைத்தார். டிரஸ்ஸருக்கு வியர்த்தது. தொரை நின்றார். உள்ளேயிருந்து ஒரு நோயாளி ஈரத்தோடு வந்து, வளையத்தை அவர் கையில் மாட்டிவிட்டுப் போனான். தொரை அதோடு உள்ளே போய், பார்த்து, திரும்பி வந்து, தேங்க்யூ என்று சொல்லி அதை நீட்டினார். அண்ணன் வளையத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதே தொரைதான் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்டார். நாள்பட்டவர்களை ஒவ்வொருவராக வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதலில் அண்ணன். ரயிலில். கையைக் கட்டி. அழைத்துப்போக ஜாகா வேலை பார்த்த ஒரு பஞ்சாபி காவல்காரர் கயிற்றோடு வந்தார். அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"வரேன். எங்க ஆளுங்க பாக்க என்னைக் கட்டி ஏத்தாதீங்க" என்றார்.

கட்ட வேண்டாம் என்று டிரஸ்ஸரிடம் சொன்னேன்.

"ஆள் ஓடினா உம்மட வேலைதான் போகும்" என்றார்.

"போகட்டும்" என்றேன்.

குளியலறை வாசல் ஆணியில் தொங்கிய வளையத்தை எடுத்து நீட்டினேன். அண்ணன் பார்த்தார். எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை முன்னால் நடந்தார். ஜாகா பின்னால் ஓடினார். பிளாட்பாரத்தில் அவருடைய பழைய ரயில் ஆட்கள் சலாம் வைத்தார்கள். அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

இரண்டு நாள் சேதி இல்லை. டிரஸ்ஸர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் ரயில் கார்டு ஒருவர் வார்டுக்கு வந்தார். கையில் வளையம்.

"அங்க எறங்குன ஒடனே ஒரு பெரியவரு குடுத்தாருங்க. லைன் கிளியர்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

வேலையை விட்டு வருஷம் பல ஆகிறது. இன்றும் குளியலறை வாசலில் என் வலது கை தன்னால் நீளுகிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.